எல்லாப் புள்ளிகளும் பாய் கடையில்

என் வரைபடத்தின்படி அந்த ஊரிலேயே அதிகப் பிரச்சினைகள் உள்ள இடம் ஓர் உணவகத்தின் அடுப்படி. அங்கே ஒரு வேகத்தடை தேவைப்பட்டது. இரண்டு தெருவிளக்குகள் எரியவில்லை. ஆற்றங்கரை சரிந்துகொண்டிருந்தது. பள்ளி விடும் நேரத்தில் பிள்ளைகளால் சாலையைக் கடக்க முடியவில்லை. நாய்கள் துரத்தின. இவை அத்தனையும் ரொட்டி போடும் கல்லுக்கும் பாத்திரம் கழுவும் தொட்டிக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தன.

வரைபடத்தைச் செய்தவள் நான். ஆகவே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்து பாகாட் என்ற ஊருக்கும் பொந்தியானுக்கும் இடையில், கடலோரச் சாலையில் இருக்கும் சிறிய ஊர் அது. பெயர் வேண்டாம். நான்கு வரிசைக் கடைவீடுகள், ஒரு பேருந்து நிற்குமிடம், ஒரு கிளினிக், ஒரு சந்தை, ஓர் ஆறு. கடைத்தெருவைச் சீரமைக்க வேண்டும் என்று அங்குள்ள நகராண்மைக் கழகம் முடிவு செய்து, ஜொகூர் பாருவில் நான் வேலை செய்யும் ஆலோசனை அலுவலகத்திடம் பணியைக் கொடுத்தது. ஒப்பந்தத்தில் 'பொதுமக்கள் பங்கேற்பு' என்று ஒரு வரி இருந்தது. முன்பெல்லாம் அந்த ஒரு வரிக்கு ஒரு மண்டபம், ஓர் ஒலிபெருக்கி, ஆளுக்கொரு மீஹூன் பொட்டலம் போதும். மக்கள் வந்து மீஹூனைச் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். பங்கேற்பு முடிந்தது. இந்த முறை இணையத்தில் ஒரு வரைபடம் செய்து மக்களிடமே கொடுத்துவிடலாம் என்று முடிவானது. அலுவலகத்தில் வரைபட மென்பொருள் படித்தவள் நான் ஒருத்திதான். வேலை என் மேசைக்கு வந்தது.

செய்தது எளிமையான கருவி. கைப்பேசியில் ஒரு சதுரக் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஊரின் வரைபடம் திறக்கும். அதில் ஒரு புள்ளி இருக்கும். அதைப் பிரச்சினை உள்ள இடத்துக்கு விரலால் நகர்த்த வேண்டும். சாலை, வடிகால், விளக்கு, மரம், மற்றவை என்ற ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். பெயர் கேட்பதில்லை. பெயர் கேட்டால் மக்கள் எழுதமாட்டார்கள் என்று படித்திருந்தேன்.

வரைபடம் திறக்கும்போது அந்தப் புள்ளி முதலில் எங்கே நிற்க வேண்டும் என்பதை நான்தான் முடிவு செய்தேன். கைப்பேசி இருக்கும் இடத்தில் நிற்கட்டும் என்று வைத்தேன். வசதியாக இருக்கும் என்று நினைத்தேன். அலுவலகத்தில் ஐந்து பேரை வைத்துச் சோதித்தேன். ஐந்து பேரும் புள்ளியைச் சரியான இடத்துக்கு நகர்த்தினார்கள். ஐந்து பேரும் தினமும் வரைபடம் பார்த்துப் பழகியவர்கள் என்பதை அப்போது கணக்கில் எடுக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் யாரும் எழுதவில்லை. பேருந்து நிற்குமிடம், கிளினிக், நூலகம், சந்தை, கோவில், சூராவ் எனும் தொழுகைக்கூடத்தின் அறிவிப்புப் பலகை, எல்லா இடங்களிலும் குறியீட்டுத் தாளை ஒட்டினேன். சந்தையில் ஒட்டியதன் மேல் மறுநாள் வீடு வாடகைக்கு என்ற தாள் இருந்தது. என் மேலாளர் தினமும் காலையில் எண்ணிக்கை கேட்பார். நிதானமான சீனப் பெண்மணி. அவர் பேசுவது ஆங்கிலம். இங்கே தமிழில் தருகிறேன். "இன்றைக்கு எத்தனை?" என்பார். "நேற்று இருந்ததுதான்" என்பேன். அதில் இரண்டு நான் சோதனைக்கு வைத்தவை.

மூன்றாவது வாரம் அந்த ஊருக்குப் போயிருந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு பாய் கடையில் உட்கார்ந்தேன். கடைத்தெருவின் மூலைக் கடை. உள்ளே ஐந்து மேசை. வெளியே, கடைகளுக்கு முன்னால் கூரைக்குக் கீழே ஓடும் நடைவழியில், சுவரோரமாக ஆறு, தூணோரமாக ஆறு. அந்த நடைவழியை இங்கே எல்லோரும் காக்கி லிமா என்பார்கள். ஐந்தடி அகலம் என்று பெயர்; மூலையில் அது இன்னும் அகலம். மேசை போட்டால் அவ்வளவு இருக்காது. கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். தமிழர்கள் பாய் என்றும் மலாய்க்காரர்கள் மாமா என்றும் கூப்பிடுவார்கள். கல்லாவில் உட்காரமாட்டார். மேசைக்கு மேசை நின்று பேசிக்கொண்டிருப்பார்.

என் கையில் கடைசித் தாள் ஒன்று மிச்சமிருந்தது.

"என்னா அது, கல்யாணப் பத்திரிகையா?"

"இல்ல பாய். ஊர்ல என்ன சரியில்லன்னு சனங்க சொல்றதுக்கு. போன்ல ஸ்கேன் பண்ணா மேப்பு வரும்."

"சொன்னா யாரு கேப்பா?"

"மஜ்லிஸ்." நகராண்மைக் கழகத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"மஜ்லிஸ் கேக்குதா? இத்தன வருசமா நாங்கதான் மஜ்லிஸக் கேட்டுக்கிட்டு இருக்கோம்."

"இப்ப அவங்க கேக்குறாங்க."

பாய் தாளை வாங்கிச் சற்று தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப ஒண்ணு எப்படிப் பத்தும்? மேசைக்கு ஒண்ணு ஒட்டு புள்ள."

மறுநாளே பதினேழு தாள் அச்சடித்து, நனையாத உறை போட்டுக் கொண்டுவந்து ஒட்டினேன். அதற்குப் பிறகு நடந்தது பாயின் வேலை. கடையில் இலவச வைஃபை இருந்தது. கடவுச்சொல்லைக் கேட்டவர்களிடம், "மொதல்ல புள்ளி வைங்க, அப்பறம் பாஸ்வேர்டு" என்று சொல்ல ஆரம்பித்தார். மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை, சீன வாடிக்கையாளர்களுக்குக் கையால் குத்திக் காட்டி ஒரு தடவை. சிலருக்குக் கைப்பேசியை வாங்கி அவரே ஸ்கேன் செய்துகொடுத்தார்.

இரண்டாம் நம்பர் மேசையில் தினமும் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒரு தே தாரிக்கோடு உட்காரும் பெரியவர் ஒருவர் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் கிராணி.

"பாய், டீ வருமா, இல்ல அதுக்கும் புள்ளி வைக்கணுமா?" என்று அவர் கேட்டார்.

"நீங்க ரெண்டு வைங்க கிராணி. ஒரு டீக்கு ரெண்டு மணி நேரம் ஒக்காருறீங்க."

எண்ணிக்கை ஏறியது. காலையில் மேலாளர் கேட்கும்போது ஒவ்வொரு நாளும் புதிய எண் சொன்னேன். அவர் ஒருநாள் தலையசைத்தார். அவரிடமிருந்து அது பெரிது. என் கணினித் திரையில் எண்ணிக்கையும் வகைகளும் மட்டும் தெரியும்படி ஒரு பக்கம் செய்து வைத்திருந்தேன். வரைபடத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அதையும் நான்தான் அப்படிச் செய்திருந்தேன்.

மாதம் முடிந்ததும் புள்ளிகளை வடிவமைப்புக் குழுவுக்கு அனுப்பினேன். மக்கள் எழுதிய வரிகளும் கூடவே போயின. வடிவமைப்பாளர்கள் வரிகளைப் படிப்பவர்கள் அல்லர், நிறத்தைப் பார்ப்பவர்கள். புள்ளிகள் எங்கே நெருங்குகின்றனவோ அங்கே வரைபடம் சிவக்கும். ஊர் முழுக்க வெளிறிய மஞ்சளாக இருக்க, மூலைக் கடை மட்டும் அடுப்புத் தணல்போல் இருந்தது. மக்களின் மனம் இங்கேதான் இருக்கிறது என்று அவர்கள் முடிவு செய்தார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

ஒரு வாரத்தில் படம் வந்தது. பாய் கடைக்கு முன்னால் ஒரு மக்கள் சதுக்கம். சாலையில் பாதியும் காக்கி லிமா முழுவதும் அதில் சேர்ந்திருந்தன. செந்நிறக் கல் பாவிய தரை, மூன்று மரங்கள், ஒரு வளைந்த பெஞ்சு. ஓர் ஆள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு சிரித்தாள். கடைச் சுவரில் செடிகள் தொங்கின. மேசை ஒன்றுகூட இல்லை. வழக்கப்படி படத்தை அதே இணையப் பக்கத்தில் மக்கள் பார்வைக்கு ஏற்றினேன்.

அன்று மத்தியானமே கைப்பேசி அடித்தது. என் எண் தாளின் அடியில் இருந்தது.

"புள்ள, ஒரு சந்தேகம். படத்துல என் கட எங்க இருக்கு?"

"செடி தொங்குதுல்ல பாய், அதுக்குப் பின்னாடி."

"சரி. மேசை எங்க?"

நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இல்லை என்று தெரிந்தும் பார்த்தேன்.

"ஒருத்தன் பட்டம் உடுறான் பாரு. அவன் நிக்கிற எடம் ஆறாம் நம்பர் மேசை. அதுல மத்தியானம் பேக்டரி ஆளுங்க எட்டுப் பேரு ஒக்காருவாங்க. இவன் ஒத்த ஆளு நிக்கிறான்."

"பாய், இது முடிவில்ல. வரைவுதான்."

"உள்ள அஞ்சு மேசைய வச்சுக்கிட்டு நான் கட நடத்த முடியாது புள்ள. பேக்டரி மணி அடிச்சா எல்லாரும் ஒரே நேரத்துல வருவாங்க. ஒக்கார எடம் இல்லன்னா நின்னு பாக்கமாட்டாங்க, போயிருவாங்க. ஒரு மாசத்துல கட மூடணும். நாந்தான எல்லாரையும் புள்ளி வைக்கச் சொன்னேன்?"

பின்னாலிருந்து கிராணியின் குரல் கேட்டது. "ஓட்டுப் போட்டு ஒங்களையே காலி பண்ணிட்டீங்களே பாய்."

"நீங்க சும்மா இருங்க கிராணி."

அழைப்பை வைத்துவிட்டு முதல்முறையாக வரைபடத்தைத் திறந்து, புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தட்டினேன். வேகத்தடை. தெருவிளக்கு. ஆற்றங்கரை. எல்லாம் அடுப்படியில். பத்தாவது புள்ளியில் என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. முடிந்தவரை எல்லாவற்றையும் தட்டினேன். பாய் கடையில் உட்கார்ந்து, பாய் கடை வைஃபைக்காகப் புள்ளி வைத்தவர்கள் யாரும் புள்ளியை நகர்த்தவில்லை. நகர்த்த வேண்டும் என்ற குறிப்பு திரையின் அடியில் சாம்பல் நிறச் சிறிய எழுத்தில் இருந்தது. அந்த நிறத்தையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

மேலாளரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எத்தனை புள்ளி தவறு?"

"தெரியாது."

"எப்படித் தெரிந்துகொள்வாய்?"

"எழுதியவர்களிடம் கேட்க வேண்டும்."

"எழுதியவர்கள் யார்?"

"தெரியாது. பெயர் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே கடையில்தான் சாப்பிடுகிறார்கள்."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். நகராண்மைக் கழகத்தில் எங்கள் கூட்டம் அடுத்த வியாழக்கிழமை. நாங்கள் பேசிய அன்று வெள்ளிக்கிழமை. "திங்களும் செவ்வாயும் எடுத்துக்கொள். அறிக்கையில் பிழை என்று எழுதாதே. இடச் சரிபார்ப்பு என்று எழுது" என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நான்காம் நம்பர் மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். பக்கத்தில் எல்லா வரிகளையும் எண் போட்டு அச்சடித்த தாள்கள். பாய் என்னோடு பேசவில்லை. ஆனால் உள்ளே வந்த ஒவ்வொருவரையும் முதுகில் கைவைத்து என் மேசைக்குத் தள்ளிவிட்டார். "இந்தப் புள்ளகிட்ட போயி ஒங்க புள்ளிய எடுத்துட்டுப் போங்க. என் கடைய விட்டு எடுங்க."

இடம் கேட்பது நான் நினைத்ததுபோல் இல்லை. அந்த ஊரில் யாரும் சாலைப் பெயரைச் சொல்வதில்லை. "முன்ன தியேட்டர் இருந்துச்சுல்ல, அதுக்கு எதுக்க" என்றார் ஒருவர். தியேட்டர் என் வரைபடத்தில் இல்லை. ஊரிலும் இல்லை. இடித்துப் பல வருடமாகிறது, காலி மனை. ஆனால் அடுத்து வந்தவரும் தியேட்டர் என்றார். அதற்கடுத்தவரும். கடைசியில் காலி மனையில் 'தியேட்டர்' என்று நானே எழுதிக்கொண்டேன். அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது.

தங்களுடையது அல்லாத வரிகளையும் சிலர் எடுத்துக்கொண்டார்கள். 'இங்கே ஒரு மரம் வேண்டும்' என்ற வரிக்கு மூன்று பேர் உரிமை கொண்டாடினார்கள். ஒரு புள்ளியை மூன்றாக வெட்ட மென்பொருளில் வழி இல்லை என்று சொன்னேன். மூவரும் தேநீர் வாங்கிக்கொண்டு பேசி, தபால் நிலையத்துக்கு எதிரே என்று முடிவு செய்தார்கள். அதில் ஒருவர் எழுந்து போகும்போது, தான் எழுதியது உண்மையில் லோங்காங் நாற்றத்தைப் பற்றி என்று நினைவு வந்து திரும்பி வந்தார். சாக்கடை வரியைத் தேடி எடுத்து அவருக்கு வைத்தேன்.

கிராணி ஆறு வரிகளைத் தன்னுடையது என்றார். ஆறும் அவருடையதுதான். ஒவ்வொன்றுக்கும் கீழே 'தங்கள் உண்மையுள்ள' என்று போட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் அடுப்படி கிட்டத்தட்டக் காலியானது. சிவப்பு மெல்ல நகர்ந்து, கிளினிக்குக்கும் தியேட்டர் மனைக்கும் இடையில் போய் நின்றது. பிள்ளைகள் சாலையைக் கடக்கும் இடம் அதுதான். வேகத்தடை கேட்டவர்களில் பாதிப் பேரின் இடமும் அதுதான்.

இரண்டு மணிவாக்கில், கூட்டம் குறைந்த பிறகு, ஓர் அக்கா வந்தார். சக்கர நாற்காலியில் கணவர். நான்கு கடை தள்ளியிருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு வாரத்தில் மூன்று நாள் வருகிறவர்கள். திரும்பும்போது பாய் கடையில் தோசை கட்டிக்கொண்டு போவார்கள். நாற்காலியை வெளியே, சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டு அவர் மட்டும் மேசைகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து வந்தார்.

"இதுல யாரு எழுதுனதுன்னு தெரியுமாம்மா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தெரியாதுக்கா. பேரு கேக்கல."

"பாய்க்கும் தெரியாதா?"

"யாருக்கும் தெரியாது."

தாளில் ஒரு வரியை விரலால் தொட்டார். 'சக்கர நாற்காலி போக முடியவில்லை. ரோட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறது. லாரி வருகிறது.'

"இத எங்க நகத்தணும்க்கா?"

"நகத்த வேணாம். இங்கதான்." கண்ணால் இரண்டு வரிசை மேசைகளுக்கு இடையே இருந்த இடுக்கைக் காட்டினார். "பாய் நல்லவரு. இவருக்கு உப்பு இல்லாம தனியா சாம்பார் வைக்கச் சொல்லுவாரு. நான் எப்படி மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

"எழுதுனது போதும்க்கா."

அவர் தோசைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போனார். நாற்காலி காக்கி லிமாவில் ஏறவில்லை, சாலையோடு போனது. நான் அதுவரை அவர்களைப் பார்த்திருந்தும், ஏன் சாலையில் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டதில்லை.

கடைசியில் கடையின் மேல் நான்கு புள்ளிகள் மிச்சம். நான்கும் சரியான இடத்தில் இருந்தன. ஒன்று அக்காவுடையது. மற்ற மூன்று:

'மேசைகள் நடைவழியை அடைக்கின்றன.' இது மலாயில்.

'சாப்பாடு நல்லா இருக்கு. ஆனா நடக்க எடமில்ல.'

'நாற்காலிக் கால் தடுக்கி விழுந்தேன். பாயிடம் சொல்ல வேண்டாம்.'

நேரத்தைப் பார்த்தேன். மூன்றும் மத்தியானம், சாப்பாட்டு வேளையில் அனுப்பப்பட்டவை. அந்த மேசைகளில் உட்கார்ந்துகொண்டே எழுதியிருக்கிறார்கள்.

நான்கு புள்ளிகளும் வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போகும். சதுக்கம் வேறிடம் போய்விடும். ஆனால் காக்கி லிமாவில் மேசை போட பாயிடம் உரிமம் இல்லை. அந்த ஊரில் யாரிடமும் இல்லை. புகார் எழுத்தில் வராதவரை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் ஏற்பாடு. இப்போது எழுத்தில் வந்திருக்கிறது. அமலாக்கப் பிரிவு வந்தால் பன்னிரண்டு மேசைகளும் போகும். நான் தவறுதலாக எடுக்கப் பார்த்த மேசைகள், இப்போது முறைப்படியே போகவிருந்தன.

பாயைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். நான்கையும் படித்தார். நான்காவதை இரண்டு முறை படித்தார்.

"பாயிடம் சொல்ல வேண்டாம்னு போட்டிருக்கு."

"ஆமா பாய்."

"நீ சொல்லிட்டியே."

"நான் சொல்லல. காட்டுனேன்."

எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "யாரு எழுதுனது?"

"பேரு பதிவுல இல்ல பாய்." அது உண்மை. எனக்கு ஒருவரைத் தெரியும் என்பதும் உண்மை. அவர் கேட்டது ஒன்றுதான். ஒன்றுக்குத்தான் பதில் சொன்னேன்.

"என் நாற்காலில ஒக்காந்து, என் வைஃபைல..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். பிறகு, "அழிச்சிரு" என்றார்.

"அழிக்க முடியாது பாய்."

"முடியாதா, மாட்டியா?"

"மாட்டேன்."

கிராணி செய்தித்தாளை மடக்கினார். அவர் அந்த நேரத்தில் அங்கே இருப்பவர் அல்லர். இடச் சரிபார்ப்பு நடக்கும் இரண்டு நாளும் மாலைவரை உட்கார்ந்திருந்தார். "பாய், மத்ததெல்லாம் பொய்ப் புள்ளின்னு எடுத்துட்டீங்க. இது உண்மப் புள்ளி. இதையும் எடுன்னா எப்படி லா?"

"ஒங்களயா கேட்டேன்?"

"நானும் வாரத்துக்கு ஒருக்கா முட்டிய இடிச்சிக்கிறேன். ஆனா நான் எழுதல. எழுதியிருந்தா தங்கள் உண்மையுள்ளன்னு போட்டிருப்பேன்."

நான் பையிலிருந்து தூரம் அளக்கும் லேசர் கருவியை எடுத்து, இரண்டு வரிசை நாற்காலிகளுக்கும் இடையில் பிடித்தேன். ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். சக்கர நாற்காலிக்குத் தொண்ணூறு வேண்டும். எண்ணை அவரிடம் காட்டினேன். அவர் எண்ணைப் பார்க்காமல் அந்தச் சிவப்பு வெளிச்சப் புள்ளி நாற்காலியின் முதுகில் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், ஒவ்வொரு புள்ளிக்கும் 'நிலை'ன்னு ஒரு கட்டம் இருக்கு. பிரச்சின சரியாயிட்டா 'தீர்ந்தது'ன்னு போடலாம். ஆனா படம் வேணும். அத நான் போட முடியாது. எடத்துல இருக்கிறவங்கதான் அனுப்பணும்."

"எப்ப?"

"வியாழக்கெழம காலைக்கு முன்னாடி."

"ஒரு வரிச எடுத்தா ஆறு மேசை போயிரும்."

"ஆமா பாய்."

"எடுக்கலன்னா?"

"அது மஜ்லிஸ் முடிவு பண்றது."

அவர் எழுந்து, யாரும் கேட்காமலே ஒன்பதாம் நம்பர் மேசையைத் துடைக்கப் போனார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. நான் மடிக்கணினியை மூடிவிட்டு ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினேன். பெங்கிராங் பக்கம் போகும் லாரிகளுக்குப் பின்னால் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, செய்ய வேண்டியவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன். புள்ளி முதலில் எங்கும் நிற்கக் கூடாது. குறிப்பு கறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். சோதனைக்கு வரைபடம் தெரியாதவர்களை உட்கார்த்த வேண்டும். நான்காவதாக ஒன்று இருக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அதற்கு வரி கிடைக்கவில்லை.

புதன்கிழமை முழுவதும் அறிக்கை எழுதினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரைபடத்தைப் பார்க்கவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். மாலை நான்கரை மணிக்குப் புதிய புள்ளி ஒன்று வந்தது. பாய் கடையின் மேல். தட்டினேன். வகை: மற்றவை. ஒரு படம். காக்கி லிமா, சுவரோரம் வெறுமையாக, தரையில் மேசைக் கால்கள் நின்ற இடம் மட்டும் வெளுத்து வரிசையாகத் தெரிந்தது. தூணோரமாக ஆறு மேசை. ஓரத்தில் யாரோ ஒருவரின் செருப்புக் கால், கிராணியுடையதாக இருக்கலாம். கீழே ஒரு வரி:

'மேசை தள்ளியாச்சு. வந்து அளந்து பாரு.'

அத்தனை நாள் எல்லோரையும் புள்ளி வைக்கச் சொன்ன அவர் வைத்த ஒரே புள்ளி அதுதான். நகர்த்தாமல் வைத்திருந்தார். நகர்த்த வேண்டியதும் இல்லை. நான்கு புள்ளிகளின் நிலைக் கட்டத்திலும் 'தீர்ந்தது' என்று போட்டு, படத்தை இணைத்தேன்.

வியாழக்கிழமை கூட்டத்தில் சதுக்கம் தியேட்டர் மனைக்கு மாறியது. கிளினிக் வாசலில் பாதசாரிகளுக்கான கடவைக் கோடும் வேகத்தடையும் முதல் கட்டத்தில் சேர்ந்தன. வடிவமைப்பாளர்கள் புதிய படம் வரைந்திருந்தார்கள்; பட்டம் விடுபவரை மட்டும் அப்படியே எடுத்து அங்கே வைத்திருந்தார்கள். ஓர் அதிகாரி மூலைக் கடையின் மேல் தெரிந்த புள்ளிகளைக் காட்டி, இவை என்ன என்று கேட்டார். படத்தைத் திறந்து காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார். மேசைகளை எண்ணினார். "ஆறு" என்றார். "நடக்க முடிகிறதா?" என்றார். முடிகிறது என்றேன். எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். என் மேலாளர் என்னைப் பார்க்காமல் ஒருமுறை தலையசைத்தார்.

அடுத்த வாரம் கடவைக் கோட்டுக்கு அளவெடுக்க அந்த ஊருக்குப் போனபோது பாய் கடைக்குப் போனேன். மத்தியானம் ஒரு மணி. பேக்டரி மணி அடித்திருந்தது. உள்ளே ஐந்தாக இருந்த மேசைகள் ஏழாகியிருந்தன. நாற்காலிகள் ஒன்றன் முதுகை ஒன்று இடித்தன. மீதி நான்கு மேசைகள் பின்சந்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஓரிடமும் காலி இல்லை. இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார்கள். பாய் அவர்கள் போவதைப் பார்த்தார்.

பிறகு என்னைப் பார்த்தார். "ஒனக்கு எடமில்ல புள்ள. ஒன் மேப்புல போயி ஒக்காரு."

"நின்னுக்கிட்டே குடிச்சிக்கிறேன் பாய்."

"அளந்து பாத்தியா?"

லேசர் கருவியை எடுத்துச் சுவரிலிருந்து நாற்காலிவரை பிடித்தேன். தொண்ணூற்றாறு. எண்ணை அவரிடம் காட்டினேன். இந்த முறை எண்ணைப் பார்த்தார்.

"ஆறு சென்டி அதிகமா குடுத்துட்டேன்" என்றார். "கிராணி முட்டிக்கு."

ஒரு தே தாரிக்கை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தூணில் சாய்ந்து நின்று குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் இரண்டு முறை ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. ஒருமுறை, ரொட்டித் தட்டுகளோடு வந்தவருக்கு. இன்னொரு முறை, சக்கர நாற்காலிக்கு. அந்த அக்கா என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நானும்தான்.